ஓய்வுபெற்ற பந்தய கிரேஹவுண்டை வீட்டு நாயாகத் தத்தெடுப்பது: மெல்பர்ன் அனுபவசாலிகளின் கருத்து தேவை

கிளேட்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். நான், என் மனைவி, பத்து வயது மகள், ஏழு வயது மகன், எங்களுடனேயே தங்கியிருக்கும் என் அம்மா என ஐந்து பேர். நாய் வேண்டும் என்ற பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இனியும் தவணை சொல்ல முடியாது என்ற நிலை வந்துவிட்டது. குட்டி வாங்கிப் பழக்கி எடுப்பதற்கான நேரம் எங்கள் இருவருக்கும் கிடையாது. இந்த நிலையில்தான் மனைவியின் அலுவலகத் தோழி ஒருவர், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் ஒன்றைத் தத்தெடுக்கலாமே என்று யோசனை சொன்னார். அவர் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதாம்.

எனக்குச் சில தயக்கங்கள் உள்ளன. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிப் பழகிய விலங்கை, துணி உலர்த்தும் அளவுக்கே கொல்லைப்புறம் உள்ள வீட்டில் வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமையாகாதா? தெருவில் இவ்வகை நாய்களை வாய்ப்பூட்டோடு பார்த்த நினைவு இருப்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது ஏற்றதுதானா என்ற அச்சமும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் சுத்த சைவம் என்பதோடு, பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவரும் அவர் ஒருவரே. வளர்த்தவர்கள் நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சோபா_பறிகொடுத்தவர் எழுதியது:

வணக்கம் ஐயா. என் பெயரிலேயே பதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஐந்து வயதுப் பெண் நாய். மெல்பர்ன் பந்தயத் திடல்களான சாண்டவுன் பார்க்கிலும் தி மெடோஸிலும் ஓடியவள்.

ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், ஆனால் கவலைப்பட வேண்டியவற்றின் வரிசையில் அது கடைசி. சாண்டவுனில் 515 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய முப்பது வினாடிகளில் முடிந்துவிடும். அந்த முப்பது வினாடிக்காக வளர்க்கப்பட்ட உடல் இது. ஆட்டுமந்தை மேய்க்கும் பார்டர் காலியைப் போல நாள் முழுவதும் வேலை கேட்டு நச்சரிக்கும் உடல் அன்று. காலையும் மாலையும் அரைமணி நேர நடை, நான்கு பக்கமும் அடைத்த இடத்தில் அவ்வப்போது ஓர் ஓட்டம், இவை கிடைத்துவிட்டால் மீதி நேரமெல்லாம் உறக்கந்தான். முதுகை மெத்தையில் வைத்து நான்கு கால்களையும் கூரையை நோக்கி நீட்டியபடி உறங்கும் கோலத்தைப் பார்த்து என் மாமியார் முதல்நாள் பயந்தே போனார்.

உண்மையான சவால், இந்த நாய் ஒரு வீட்டின் உட்புறத்தை முன்னர் கண்டதே இல்லை என்பது. பிறந்ததிலிருந்து கென்னல் எனும் நாய்க்கூடம், பயிற்சித் திடல், வண்டி, பந்தயத் தடம் ஆகிய நான்கோடு அதன் உலகம் முடிந்துவிடுகிறது. கண்ணாடிக் கதவு என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது, முட்டிக்கொள்ளும். ஆகவே முதல் வாரத்தில் கண்ணாடியில் அதன் கண்மட்டத்துக்கு வண்ணத்தாள் ஒட்டி வையுங்கள். வழவழப்பான தரையில் கால் பதியாமல் நடுங்கி நிற்கும்; நீளமான கால்விரிப்புகளை அடுத்தடுத்துப் போட்டுப் பாதை அமைத்துக் கொடுக்க வேண்டும். மாடிப்படி இருந்தால் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக் கற்பிக்க வேண்டிவரும். மிக்ஸியின் இரைச்சல், குக்கர் விசில், துணி துவைக்கும் இயந்திரத்தின் கடைசிச் சுழற்சி, தொலைக்காட்சியில் ஓடும் விலங்குகள் என நாம் கவனிக்காத ஒவ்வொன்றும் அதற்குப் புதிது. வேற்று நாட்டிலிருந்து வந்து இறங்கிய விருந்தாளி நம் வீட்டுக் குழாயை எப்படித் திறப்பது என்று தெரியாமல் நிற்பாரே, அந்தப் பொறுமையோடுதான் இதை அணுக வேண்டும்.

கழிப்புப் பழக்கம் அவ்வளவு சிரமமில்லை. தான் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்தாமல் இருக்கக் கென்னலிலேயே பழகியிருக்கும். உங்கள் வரவேற்பறையும் படுக்கும் இடத்தைச் சேர்ந்ததுதான் என்பதை மட்டும் அது புரிந்துகொள்ள வேண்டும். முதல் சில நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், உணவு உண்டதும், உறங்கி எழுந்ததும் வெளியே அழைத்துச் சென்றால் பெரும்பாலானவை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

அம்மா பகல் முழுவதும் வீட்டில் இருப்பதை நீங்கள் வசதியாக நினைக்கலாம். நான் அதில் ஒரு சிக்கலையும் பார்க்கிறேன். கென்னலில் எப்போதும் பக்கத்தில் வேறு நாய்கள் இருந்ததால் இவற்றுக்குத் தனிமை என்பதே பழக்கமில்லை. உங்கள் வீட்டிலும் எப்போதும் ஒருவர் இருந்தால், தனியாக இருக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அமையாது. பிறகு ஒருநாள் குடும்பத்தோடு கோயிலுக்கோ திருமணத்துக்கோ கிளம்பும்போது அக்கம்பக்கம் கேட்க ஊளையிடும், கதவைப் பிறாண்டும். ஆகையால் முதல் வாரத்திலிருந்தே எல்லோரும் சில நிமிடங்கள் வெளியே போய்விட்டு அமைதியாகத் திரும்பி வருவதைப் பழக்கமாக்கி, அந்த நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அம்மாவும் பக்கத்துப் பூங்காவரை ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.

கரிசல்காட்டான் எழுதியது:

மேலே எழுதிய சகோதரி, படுத்துறங்கும் சோம்பேறி என்ற சித்திரத்தைச் சற்று மிகையாகவே தீட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம், கோவில்பட்டிக்கு மேற்கே, சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. கிரேஹவுண்டும் அதே வகை: மோப்பத்தை நம்பாமல் பார்வையால் துரத்திப் பிடிக்கும் நாய். வீட்டுத் திண்ணையில் குழந்தை காலை மிதித்தாலும் பேசாமல் கிடக்கும் சிப்பிப்பாறை, கரிசல் காட்டில் ஒரு முயல் அசைந்ததைக் கண்டுவிட்டால் அந்தக் கணத்திலிருந்து வேறு நாய். கூப்பிட்டால் கேட்காது, கேட்காது என்பதைவிட, கூப்பிடும் குரல் அதன் செவியில் ஏறவே ஏறாது என்பதே சரி.

70 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 19 மீட்டருக்கு மேல். நீங்கள் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அது திடலைக் கடந்து சாலையில் இருக்கும். வாரைக் கையிலிருந்து அவிழ்த்துவிடும் ஆசை எவ்வளவு நல்ல நாயிடத்திலும் வரக்கூடாது. பிள்ளைகள் முன்வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடும் வீடாக இருந்தால், நாய் வருவதற்கு முன்னால் அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். பூனை வளர்ப்பவர்களும், சிறிய நாய்களோடு அடிக்கடி வரும் உறவினர் உள்ளவர்களும் இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும்.

சோபா_பறிகொடுத்தவர் எழுதியது:

கரிசல்காட்டான் ஐயா சொன்ன வேட்டை உணர்வை நான் மறுக்கவில்லை. அது நாய்க்கு நாய் பெரிதும் வேறுபடும் என்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பந்தயத்தில் தோற்று வெளியேறியவற்றுள், தடத்தில் முன்னால் ஓடவிடும் செயற்கை முயலைத் துரத்தவே மனமில்லாதவையும் உண்டு. பொறுப்பான தத்தெடுப்பு அமைப்புகள் சிறிய நாய்களின் அருகில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே எந்த வீட்டுக்கு எந்த நாய் என்று பரிந்துரைக்கின்றன. அவர்கள் “இது பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது” என்றால், நாம் பழக்கிவிடலாம் என்று வாதாடக்கூடாது.

வாய்ப்பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வளர்ப்பு கிரேஹவுண்டுகள் பொது இடத்தில் வாய்ப்பூட்டு அணிய வேண்டும் என்ற விதி விக்டோரியாவில் 2019 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. நியூ சவுத் வேல்ஸிலும் அதே ஆண்டு ஜூலையில் நீங்கியது. மனிதரைக் கடிக்கும் இனம் என்பதால் வந்த விதி அன்று அது. பந்தயத் தொழிலையும் சிறு விலங்குகளைத் துரத்தும் இயல்பையும் மனத்தில் கொண்டு இந்த இனம் முழுவதற்குமே விதித்திருந்தார்கள். ஆனால் வெளியே எப்போதும் வாரில் பிடித்திருக்க வேண்டும் என்ற விதி விக்டோரியாவில் இன்றும் உண்டு. மற்ற நாய்களை அவிழ்த்துவிட அனுமதியுள்ள பூங்காவுக்கும் அது பொருந்தும்.

கழுத்துப்பட்டையைச் சாதாரணக் கடையில் வாங்காதீர்கள். இந்த நாயின் கழுத்து தலையைவிடப் பருமனானது. மிரண்டு பின்வாங்கினால் வழக்கமான பட்டை தலைவழியே கழன்று வந்துவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்டிங்கேல் என்ற அகலமான பட்டையே இதற்கு உரியது.

இன்னொன்று. நடைப்பயிற்சியின் நடுவில் திடீரென்று சிலைபோல் நின்றுவிடும் நாய்கள் பல உள்ளன. குப்பைத் தொட்டி, சைக்கிள், காற்றில் ஆடும் ஒரு பிளாஸ்டிக் பை, எதுவும் காரணமாக இருக்கலாம். காரணமே இல்லாமலும் இருக்கலாம். முப்பது கிலோ எடையை இழுத்துப் பயனில்லை. நிதானமாக நின்று, வேறு பக்கம் திரும்பி ஓரிரு அடி நடந்து, அது வந்ததும் மறுபடி வழிக்கு வர வேண்டும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட காலைப்பொழுதில் இது தத்துவ ஞானம் கேட்கும் வேலை.

கால்நடை_மருத்துவம் எழுதியது:

சிட்னியில் சிறு விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். குணத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். உடலைப் பற்றி நான் சொல்கிறேன்.

கிரேஹவுண்டின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை மற்ற நாய்களுக்கான அளவுகோலில் வைத்துப் படிக்கக்கூடாது. சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவும், தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் குறைவாகவும் இருப்பது இவற்றுக்கு இயல்பே. தைராய்டு சுரப்பின் அளவும் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். இதை அறியாமல், சற்று மந்தமாக உறங்கும் ஆரோக்கியமான நாய்க்குத் தைராய்டு குறைபாடு என்று முடிவுசெய்து ஆயுள் முழுவதும் மாத்திரை கொடுத்த நேர்வுகள் உண்டு. தசை மிகுந்த உடல் என்பதால் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாக இருப்பதும் சிறுநீரக நோயின் அறிகுறியாகிவிடாது. ஆகவே இந்த இனத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடிக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியாவில் அதற்குச் சிரமமில்லை.

மயக்க மருந்து தொடர்பாகவும் ஒரு செய்தி. தயோபென்டோன் போன்ற பழைய மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் இவற்றின் கல்லீரலில் மெதுவாகவே வேலை செய்கின்றன. உடலில் கொழுப்பும் மிகக் குறைவு. அதனால் மயக்கம் தெளிய நீண்ட நேரமாகும். இன்று அவற்றுக்குப் பதிலாக வேறு மருந்துகள் பயன்படுவதால் பழைய அச்சம் குறைந்துவிட்டது. ஆனால் அறுவை முடிந்து ஓரிரு நாள் கழித்து இரத்தக் கசிவு தொடங்குவது இவ்வினத்தில் அறியப்பட்ட சிக்கல். முதல் நாள் எல்லாம் நலமாக இருந்து, மறுநாள் வயிற்றிலும் தொடையிலும் கருநீலமாகக் கன்றிப் பரவும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மருந்தைத் தரும் வழக்கம் இப்போது உண்டு. பல் பிடுங்கும் சிகிச்சைக்கு முன்னால் மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டலாம். பல் சிகிச்சை என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம், கிரேஹவுண்டின் பற்கள் பொதுவாகவே மோசம். ஓய்வுபெற்று வரும்போதே ஈறு நோயோடு வருபவை பல. நாள்தோறும் பல் துலக்கிவிடுவதை முதல் மாதத்திலேயே பழக்கிவிட்டால் பின்னால் ஆயிரக்கணக்கான டாலர் மிஞ்சும்.

பாதத்தையும் கவனியுங்கள். உள்ளங்கால் சதையில் வட்டமாக, கடினமாக, சற்று வெளிறிய நிறத்தில் ஆணிபோல் ஒன்று வளர்வதுண்டு. புல்தரையில் இயல்பாக நடக்கும் நாய், நடைபாதையில் கால்வைத்ததும் நொண்டினால் முதலில் அங்கே பாருங்கள். வயதான நாய் காரணம் தெரியாமல் நொண்டினால் காத்திருக்கவே கூடாது. எலும்புப் புற்றுநோய் இவ்வினத்தில் அதிகம் என்பதால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே அளவுள்ள வேறு பல இனங்களோடு ஒப்பிட்டால் பத்து முதல் பதினான்கு ஆண்டுவரை வாழும் உறுதியான நாய்தான் இது. இடுப்பு மூட்டுக் கோளாறு, ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்துச் சலித்த எங்களுக்கு, இதில் அரிதாகவே கண்ணில் படுகிறது.

கிளேட்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரத்தக் கசிவைப் பற்றிய செய்தியை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். என் மனைவி கேட்கச் சொன்ன கேள்வி சமையலறையைப் பற்றியது. அம்மாவின் கையால் சாப்பிடாத உயிர் எங்கள் வீட்டில் இருக்க முடியாது; நாய் வந்தால் அதற்கும் தயிர்சாதம் உறுதி. இறைச்சியை அவர் தொடமாட்டார். இது நடைமுறையில் ஒத்துவருமா? பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உறங்குவதில் தவறில்லையா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

சோபா_பறிகொடுத்தவர் எழுதியது:

இறைச்சியைத் தொடாமலே வளர்க்கலாம் ஐயா. கடையில் கிடைக்கும் உலர்தீவனத்தை அளந்து, வெந்நீரில் சற்று ஊறவைத்துக் கொடுப்பதை அம்மா தயங்காமல் செய்யலாம். உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதம் ஒரு கவளம் கொடுத்தால் கேடில்லை. கேடு வேறு இடத்தில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும், சமைத்தாலும் பொடித்தாலும், நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயம், பூண்டு ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு, கிழங்கு மசாலா, எல்லாமே விலக்கு. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். நெய்யொழுகும் பொங்கல் கணையத்துக்கு ஆகாது. அம்மாவுக்கு இதை “நாய்க்குக் கொடுக்கக்கூடாது” என்று தடையாகச் சொல்வதைவிட, எதைக் கொடுக்கலாம் என்று ஒரு டப்பாவை அவர் கையில் ஒப்படைப்பது நடைமுறைக்கு உகந்தது. வேகவைத்த காரட், உரித்த பூசணி, தோலும் விதையும் நீக்கிய ஆப்பிள் துண்டுகள் போதும்.

இந்த நாயின் உயரத்தையும் மறந்துவிடாதீர்கள். தலையை நீட்டினால் சமையல் மேடை அதற்கு எட்டும். திருடுகிறோம் என்ற உணர்வே இல்லாமல், யாரோ தனக்காக வைத்ததாகக் கருதி, அடுக்கி வைத்த வடையை முழுவதுமாக முடித்துவிட்டு நம்மை அன்போடு பார்க்கும்.

பிள்ளைகள் கட்டிக்கொண்டு உறங்குவதற்கு என் பதில், வேண்டாம் என்பதே. இந்த ஒன்றில் நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். கென்னலில் ஒவ்வொரு நாயும் தன் இடத்தில் தனியாகவே உறங்கிப் பழகியிருக்கும். உறக்கத்தில் அதன்மீது கை பட்டது கிடையாது. தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டு உறுமும், சில வேளை பல்லும் படலாம். கண்ணைத் திறந்துகொண்டே உறங்கும் வழக்கமும் இவற்றில் பலவற்றுக்கு உண்டு என்பதால், விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை அருகில் போய்விடும். படுக்கையை நடைவழியில் போடாமல் மூலையில் போடுங்கள். அந்தப் படுக்கை பிள்ளைகள் நுழையாத எல்லை. எழுப்ப வேண்டுமானால் தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். உறுமினால் அதட்டாதீர்கள், உறுமுவது நாய் நமக்குத் தரும் முன்னறிவிப்பு, அதை அடக்கிவிட்டால் அடுத்தமுறை அறிவிப்பின்றியே கடிக்கும். நாய் எழுந்து தானாக வந்து பிள்ளைகள்மீது சாயும்போது வேண்டிய மட்டும் தடவிக்கொடுக்கட்டும். உடல் எடை முழுவதையும் நம் தொடைமீது சாய்த்து நிற்பதுதான் இவற்றின் கொஞ்சல். மகிழ்ச்சி மிகுந்தால் குளிரில் நடுங்குவதுபோல் பற்களைக் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

அம்மாவின் கையில் வாரைக் கொடுக்க வேண்டாம். வேலிமேல் போசம் என்ற சிறு மரவிலங்கோ பூனையோ தெரிந்தால் ஒரே பாய்ச்சல். முழங்கால் வலி உள்ளவர் விழுந்துவிடுவார். பத்து வயது மகளுக்கும் இது பொருந்தும்.

தெற்காறு எழுதியது:

எல்லோரும் நாயின் அழகைப் பேசுகிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒருவரும் பேசவில்லை. 2015 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சி, உயிருள்ள முயல்களையும் பன்றிக்குட்டிகளையும் போசம்களையும் கட்டித் தொங்கவிட்டு நாய்களுக்குப் பயிற்சி தந்த கொடுமையைப் படம்பிடித்துக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக நியூ சவுத் வேல்ஸில் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் நடந்த விசாரணை, அதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் மட்டும் 48,000 முதல் 68,000 வரையிலான நாய்கள், போதிய வேகம் இல்லை என்பது போன்ற காரணங்களுக்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2016 ஜூலையில் முதல்வர் மைக் பேர்ட் பந்தயத்தைத் தடைசெய்வதாக அறிவித்தார். அரசியல் நெருக்கடி வந்ததும் அக்டோபரில் அந்த முடிவைக் கைவிட்டார்.

இப்போது விக்டோரியாவில் தத்தெடுப்புத் திட்டத்தை நடத்துவது யார்? பந்தயத்தை நடத்தும் அதே கிரேஹவுண்ட் ரேசிங் விக்டோரியாதான். நாம் ஒரு நாயை அழைத்துக்கொண்டு போனால், கென்னலில் ஒரு காலியிடம் உண்டாகிறது. அங்கே இன்னொரு குட்டி வளரும். நிறைவான ஓய்வு வாழ்க்கை என்ற விளம்பரத்துக்கு நம் வீட்டுச் சோபா மேடையாகிறது. இதை யோசிக்காமல் தத்தெடுப்பது, பந்தயத் தொழிலின் செலவில் ஒரு பங்கை நாம் கட்டுவதற்குச் சமம் என்பது என் கருத்து.

ஆக்லாந்து_அன்பு எழுதியது:

தெற்காறு அவர்களின் கோபம் நியாயமானது; அவர் வந்து சேரும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நான் நியூசிலாந்தில் இருக்கிறேன். எங்கள் அரசு 2024 டிசம்பரில் கிரேஹவுண்ட் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றே எழுந்த கேள்வி, அப்போது பந்தயத்தில் இருந்த சுமார் 2,900 நாய்களுக்கு வீடு எங்கே என்பதுதான். தடையைக் கேட்டுப் போராடியவர்களும் தடையை எதிர்த்தவர்களும் அந்த ஒரு கேள்விக்கு ஒரே விடையைத்தான் தேட வேண்டியிருந்தது.

மக்காவ் நகரின் கேனிட்ரோம் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் அங்கே இருந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து போனவை. அவற்றைத் தத்தெடுக்கப் பல நாடுகளில் வீடுகள் முன்வராதிருந்தால், திடலை மூடியது விலங்குநலப் போராட்டத்தின் வெற்றி என்று இன்று எழுதப்பட்டிருக்காது. தத்தெடுக்கும் வீடுகள் இல்லாத ஊரில் தடை என்ற சொல்லையே எந்த அரசும் எடுக்கத் துணியாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலம் பந்தயத்தை 2029க்குள் முடித்துக்கொள்வதாக 2025இல் அறிவித்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். வரும் ஆண்டுகளில் வீடு தேடும் நாய்கள் கூடுமே தவிரக் குறையா.

நாயைக் கண்ட பிறகுதான் பலருக்குப் பந்தயத்தின்மீது கேள்வியே எழுகிறது. காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகளைக் காட்டி “இது என்ன?” என்று கேட்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

தெற்காறு எழுதியது:

தத்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொழிலோடு தொடர்பில்லாத தன்னார்வ மீட்பு அமைப்புகள் வழியாக எடுங்கள், பந்தயத்தில் பணம் கட்டாதீர்கள் என்கிறேன். திடல் மூடப்படும்போது நாய்களை ஏற்பதும், திடல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மிச்சத்தைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டே இருப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டில் நான் மாறப்போவதில்லை.

சோபா_பறிகொடுத்தவர் எழுதியது:

எங்கள் நாய் பந்தய நிறுவனத்தின் திட்டம் வழியாகத்தான் வந்தாள். கட்டணம் குறைவு, கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் முடித்தே தந்தார்கள். தன்னார்வ அமைப்புகளில் நாயைச் சில வாரம் ஒரு குடும்பத்தில் தங்கவைத்துவிட்டுத் தருவதால், வீட்டுக்குள் அதன் நடத்தை எப்படி என்று அந்தக் குடும்பத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகளும் வயதானவரும் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்று இப்போது தோன்றுகிறது. அறம் ஒருபுறம் இருக்க, நடைமுறைக்கும் அதுவே பொருத்தம்.

தேர்வு செய்யும்போது நிறத்தையும் வயதையும் பார்க்காதீர்கள். துள்ளிக் குதித்து முதலில் ஓடிவரும் நாயைப் பிள்ளைகள் கைகாட்டுவார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அருகே வந்து நின்று, பிறகு தன்பாட்டுக்குப் படுத்துக்கொள்ளும் நாய் எது என்று நீங்கள் பாருங்கள். நான்கைந்து வயது நாயை மூப்பென்று ஒதுக்க வேண்டாம். பந்தயப் பெயர் ஏதோ ஒரு குதிரையின் பெயரைப்போல் நீண்டிருக்கும். கென்னலில் கூப்பிட்ட குட்டிப்பெயர் வேறாக இருக்கும். அந்தக் குட்டிப்பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முதல் வாரத்தில் அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

வாடகை வீடு என்றீர்களே, அதற்கும் வழி உண்டு. 2020 மார்ச்சில் விக்டோரியாவில் வந்த சட்டத்தின்படி, உரிய படிவத்தில் நீங்கள் விண்ணப்பித்தால் வீட்டு உரிமையாளர் காரணமின்றி மறுக்க முடியாது. மறுக்க விரும்பினால் 14 நாள்களுக்குள் அவரே தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும்; பேசாமல் இருந்தால் சம்மதம் என்றே பொருள். ஆனாலும் படிவத்தோடு, குரைப்பது அரிது, முடி உதிர்வது குறைவு, பகலில் உறங்கும் என்று நாலு வரி பணிவாக எழுதி அனுப்புங்கள். நகராட்சிப் பதிவை ஆண்டுதோறும் ஏப்ரல் 10க்குள் புதுப்பிக்க வேண்டும்.

கிளேட்டன்வாசி எழுதியது:

இந்த இழையை நேற்றிரவு அம்மாவுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். வெங்காயத்தைப் பற்றிக் கேட்டதும், “அப்படியானால் ஏகாதசிச் சமையலை அதற்கும் கொடுக்கலாம்” என்று முடிவுகட்டிவிட்டார். எதிர்ப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டேன். தெற்காறு அவர்கள் எழுப்பிய கேள்வியை நானும் மனைவியும் நீண்ட நேரம் பேசினோம். தன்னார்வ அமைப்பு வழியாகவே போவது, முதலில் தற்காலிகப் பராமரிப்புக்கு விண்ணப்பிப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். வாடகைப் படிவம் இன்று அனுப்பியாயிற்று. ஜூன் மாதக் குளிரில் நாய் வருவதாக இருந்தால் அதற்கு உடை கட்டாயம் தேவையா, எந்த அளவில் வாங்குவது என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கால்நடை_மருத்துவம் எழுதியது:

கட்டாயம் தேவை. முடி மெலிது, தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. மெல்பர்ன் குளிர்காலத்து இரவில் வீட்டுக்குள்ளேயே ஒரு பருத்தி உடையும், வெளியே போகும்போது மழை தாங்கும் மேலுடையும் வேண்டும். கழுத்துப்பட்டை இருக்கும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகின்மேல் அளந்து, அந்த நீளத்துக்கு வாங்குங்கள். மார்பு ஆழமாகவும் வயிறு ஒடுங்கியும் இருப்பதால் பொதுவான நாய் உடைகள் பொருந்தா. கிரேஹவுண்டுக்கென்று தைத்ததையே கேளுங்கள். தோல் மிக மெல்லியது என்பதால் வேலியில் துருத்திய கம்பியோ ஆணியோ இருக்கிறதா என்று நாய் வருவதற்கு முன்பே கொல்லைப்புறத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். வாலையும் கவனியுங்கள்: குறுகலான நடைவழியில் மகிழ்ச்சியோடு ஆட்டி இருபக்கச் சுவரிலும் அடித்து நுனி வெடித்தால், அந்தக் காயம் ஆற வாரக்கணக்காகும், சுவரெல்லாம் இரத்தத் துளிகளாகவும் இருக்கும். வாடகை வீடென்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.